கையில் காசு, கடையில் தானியம்

தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் மழை பொய்த்த கதையையும், ஏரிகள் பாளம் பாளமாக வெடித்த கதையையும், ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் பாதி வழியிலேயே விழுந்துபோன கதையையும் கேட்டிருப்பார்கள். ஆனால் 1877ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையில் போய் நின்றவர் கண்ணில் முதலில் பட்டது தானியந்தான். அக்காலத்தில் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி, அந்தப் பஞ்சத்தின் சரித்திரத்தை இரண்டு பெரிய பாகங்களாக எழுதி 1878இல் வெளியிட்டார். கப்பல்களிலிருந்து இறக்கிய தானிய மூட்டைகள் கடற்கரையில் குன்று குன்றாக அடுக்கப்பட்டுக் கிடந்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். வியாபாரிகள் அவற்றைத் தர்மத்துக்காகக் கொண்டுவரவில்லை; விலை ஏறிய ஊரில் விற்று லாபம் பார்க்கக் கொண்டுவந்தார்கள். மூட்டைகளுக்குக் காவல் போடப்பட்டிருந்தது. அந்தக் காவலுக்கு எதிரிலேயே, நாட்டுப்புறத்திலிருந்து நடந்து வந்தவர்கள் பசியால் சுருண்டு விழுந்து இறந்தார்கள்.

தானியம் இருந்த இடத்திலேயே ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள் என்ற இந்த ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால்தான், இன்று உலகத்து நிவாரண ஸ்தாபனங்களெல்லாம் அரிசி மூட்டைக்குப் பதிலாக ரொக்கத்தையும் கூப்பனையும் கொடுக்கத் தொடங்கியிருப்பதன் நியாயம் விளங்கும். நிலத்தில் கூலிவேலை செய்து பிழைத்தவனுக்கு, மழை பொய்த்தவுடன் முதலில் போவது வேலை. வேலையோடு கூலி போகிறது. கூலி போன அதே மாதத்தில் தானியத்தின் விலை இரண்டு மடங்காகவும் மூன்று மடங்காகவும் ஏறுகிறது. கடையில் அரிசி இருக்கிறது, அவன் கையில் காசு இல்லை. 1880இல் அறிக்கை கொடுத்த பஞ்ச கமிஷன் இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் உணவுக்குப் பஞ்சமில்லை, வேலையிழந்தவர்களிடம் அதை வாங்கும் சக்திதான் இல்லை என்பது அதன் தீர்மானம். அதன் பேரில் 1883இல் உருவான பஞ்ச விதிகள், நிவாரண வேலை செய்கிறவனுக்குக் கொடுக்கும் கூலியை அந்தந்த வட்டாரத்துத் தானிய விலையை ஒட்டி நிர்ணயிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தன. விலை ஏறினால் கூலியும் ஏறும், இறங்கினால் இறங்கும். கையில் பணமிருந்தால் வியாபாரி தானாகவே தானியத்தைக் கொண்டுவந்து சேர்ப்பான் என்பது அந்த விதியின் அடிப்படை.

அந்த விதிகளை இயற்றிய அரசாங்கத்தைப் புகழ நான் இதைச் சொல்லவில்லை. அதே அரசாங்கம்தான் 1877 ஜனவரியில் ஸர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பி, வெயிலில் நாள் முழுவதும் மண் சுமந்தவனுடைய கூலியை ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் அதற்கு மேல் ஓரணாவும் என்று வெட்டியது. அது உயிரைத் தாங்காது என்று சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எழுத்து மூலம் போராட வேண்டியிருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் கரைகளில் அந்தக் கூலிக்கு மண் வெட்டியவர்களின் உழைப்பு இன்னும் இருக்கிறது. பணமாகக் கொடுப்பது நல்ல முறைதான்; போதாத பணத்தைக் கொடுப்பது, கொடுத்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டு கொல்வதற்குச் சமானம். இந்த இரண்டு பாடங்களும் நம் மண்ணிலேயே, ஒரே பஞ்சத்தில், ஒன்றையொன்று ஒட்டி எழுதப்பட்டன.

பின்னால் அமர்த்தியா சென், தாம் ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்தபோது சாந்திநிகேதனத்தில் கண்ட 1943ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தை நெடுங்காலம் ஆராய்ந்து, 1981இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் இதே உண்மையைச் சாஸ்திர ரீதியாக நிலைநாட்டினார். உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் உரிமை ஒருவனிடம் இருப்பது வேறு என்ற அவருடைய பாகுபாடு பொருளாதாரம் படித்தவர்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆயினும் உலகத்து நிவாரணத் துறை அதைக் காரியத்தில் ஏற்க மேலும் முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

தாமதத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. கொடுக்கிறவனிடம் எது மிஞ்சியிருக்கிறதோ அதையே அவன் கொடுக்க விரும்புகிறான். 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்னும் சட்டம், அந்நாட்டு விவசாயிகளின் களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்த கோதுமைக்கு வெளிநாடுகளில் வழி தேடிக் கொடுத்தது. அறுபதுகளில் நம் ரேஷன் கடைகளுக்கு வந்த கோதுமையை வாங்கி உண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கோதுமை பல உயிர்களைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தானியத்தில் குறிப்பிட்ட பங்கை அமெரிக்கக் கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்ற விதியும் உடன் இருந்தபடியால், பசித்தவனுக்கென்று ஒதுக்கிய பணத்தில் கணிசமான பகுதி கப்பல் கூலியாகவே கரைந்தது. ஒரு மூட்டை கடல் கடந்து, துறைமுகத்தில் காத்துக்கிடந்து, லாரியேறி ஆப்பிரிக்காவின் உள்நாட்டுக் கிராமம் ஒன்றை அடைய மாதக் கணக்காகும்.

அடைந்த பிறகாவது அது அவர்களுக்குப் பிரயோஜனப்பட்டதா என்றால், அதுவும் பூரணமாக இல்லை. இராக்கில் தஞ்சம் புகுந்த சிரியா நாட்டு அகதிகளில் நூற்றுக்கு எழுபது பேர் தங்களுக்குக் கிடைத்த நிவாரணப் பொருள்களைப் பணத்துக்கு மாற்றிக்கொண்டார்கள் என்ற விவரத்தை, 2015இல் வெளியான ஓர் உயர்நிலைக் குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது. பத்து டாலர் பொருளை விற்பவனுக்குப் பத்து டாலர் கிடைக்காது. அவசரத்தில் விற்பவனுக்கு எந்த ஊர்ச் சந்தையிலும் நல்ல விலை கிடைப்பதில்லை. குழந்தைக்கு மருந்து வாங்க வேண்டிய தாய், நான்காவது போர்வையை அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறாள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் லாரி லாரியாக வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து மக்கியதை அந்த வழியில் போனவர்களெல்லாம் பார்த்தார்கள். மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. வீடு போயிற்று, உறவு போயிற்று, மானம் போகவில்லையே! அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தத் துணிகளைச் சுமந்து வந்த லாரிகளின் வாடகையைக் கையில் கொடுத்திருந்தால், எத்தனையோ பெண்கள் தங்களுக்குப் பிடித்த புதுச்சேலை ஒன்றைக் கடையில் பேரம் பேசி வாங்கியிருப்பார்கள்.

இனி, ரொக்கமாகக் கொடுக்கும் முறை எங்கே முழுமையாகச் சோதிக்கப்பட்டதோ அந்தச் சோமாலியாவுக்கு வருவோம்.

அந்த நாட்டின் வடபகுதியில் சூல் என்னும் மேட்டு நிலம் உண்டு. ஒட்டகமும் ஆடும் மேய்த்துப் பிழைக்கும் ஜனங்கள். நான்கைந்து வருஷங்கள் தொடர்ந்து மழை பொய்த்ததால் மந்தைகள் மடிந்துபோக, 2003, 2004ஆம் வருஷங்களில் அவர்கள் முழுக்க முழுக்கக் கடனில் மூழ்கியிருந்தார்கள். அங்கு அரசாங்கம் என்று சொல்லத்தக்கதும் இல்லை, வங்கியும் இல்லை. அந்த நிலையில் ஃபாத்திமா ஜிப்ரெல் என்ற சோமாலியப் பெண்மணி தொடங்கிய ஹார்ன் ரிலீஃப் என்ற ஸ்தாபனம், ஏறத்தாழ 14,000 குடும்பங்களுக்குத் தலா 50 டாலர் ரொக்கமாகக் கொடுத்தது. ஆயுதம் தாங்கிய கூட்டங்கள் திரியும் நாட்டில் பணத்தைக் கையில் கொடுப்பதாவது என்று பலர் திகைத்தார்கள். பணம் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்கள் அதைக் கொண்டு தண்ணீரும் உணவும் வாங்கினார்கள். பெரும் பகுதியைக் கடைக்காரனிடம் கொடுத்துப் பழைய கடனை அடைத்தார்கள்.

கடனை அடைத்தது வீண் செலவென்று வெளியூரிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. மேய்ச்சல் நாட்டில் கடைக்காரனுடைய பற்றுவரவு நோட்டுத்தான் ஜனங்களின் வங்கி. பஞ்ச காலத்தில் அந்த நோட்டில் பற்று மட்டும் நீண்டுகொண்டே போய், வரவுப் பக்கம் வெறுமையாகி, கடைக்காரனுக்கே சரக்கு எடுக்க முதலில்லாமல் போகிறது. அப்புறம் அவன் எவ்வளவு நல்லவனாயிருந்தாலும், ‘அம்மா, இனிமேல் கடன் இல்லை’ என்று சொல்லித்தான் தீரவேண்டும். 50 டாலர் வந்து கணக்கில் ஒரு பகுதி தீர்ந்தவுடன் அவன் மறுபடியும் சரக்கெடுக்கிறான், அடுத்த மாதத்துக்கும் கடன் கொடுக்கிறான். நம் கிராமத்து மளிகைக் கடையின் கணக்கு நோட்டை அறிந்தவர்களுக்கு இதை விவரிக்கவே வேண்டியதில்லை. எந்த அரிசி மூட்டையாலும் அந்த நோட்டின் வரவுப் பக்கத்தை நிரப்பியிருக்க முடியாது.

2010ஆம் வருஷக் கடைசியில் பெய்ய வேண்டிய மழை தென் சோமாலியாவில் பெய்யவில்லை. அடுத்த வருஷத்து மழையும் சரியாக இல்லை. உலகச் சந்தையில் தானிய விலை உச்சத்தில் இருந்தது. பெரும் பகுதி அல் ஷபாப் என்ற தீவிரவாத இயக்கத்தின் பிடியில் இருந்ததால், ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் 2010 ஜனவரியிலேயே அங்கிருந்து வெளியேறியிருந்தது. மூட்டை கொண்டுபோக வழியில்லை. எச்சரிக்கைகள் மாதந்தோறும் வந்தவண்ணம் இருந்தன. செல்வ நாடுகள் யோசித்துக்கொண்டே இருந்தன. பணம் கொடுத்தால் அது தீவிரவாதிகளின் கைக்குப் போய்விடாதா, சந்தையில் சரக்கில்லாமல் விலைதான் ஏறிவிடாதா என்ற இரண்டு சந்தேகங்களும் தீர்வதற்குள், 2011 ஜூலை 20ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை இரண்டு பிரதேசங்களில் பஞ்சம் என்று பிரகடனம் செய்தது.

பிறகுதான் பணம் பாயத் தொடங்கிற்று. சோமாலியாவில் ஹவாலா என்னும் பணமாற்று ஏற்பாடு நெடுநாளாக வேரூன்றியது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கள்ளப்பண வாசனை உண்டு. அங்கோ, வெளிநாடு போன பிள்ளை தாய்க்குப் பணம் அனுப்பும் முக்கிய வழி அதுதான். நிவாரண ஸ்தாபனம் பயனாளிகளின் பட்டியலை ஹவாலாக் கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனி தன் சொந்தப் பணத்தை உள்ளூர் முகவர் மூலம் பட்டுவாடா செய்துவிட்டு, கணக்கைக் காட்டிய பிறகு ஸ்தாபனத்திடம் வசூலித்துக்கொள்ளும். வழியில் பணம் பறிபோனால் நஷ்டம் கம்பெனியுடையது. தகரக் கொட்டகையில் ஒரு மேஜை, ஒரு பட்டியல், ஒரு மை டப்பா. முகவர் பெயரைப் படிக்கிறார்; இடுப்பில் குழந்தையோடு வந்த பெண் அடையாள அட்டையைக் காட்டிக் கட்டைவிரலைப் பதிக்கிறாள்; நோட்டுகள் அவள் கைக்கு மாறுகின்றன. அவள் கடைத்தெருவைப் பார்க்க நடக்கிறாள்.

கடைத்தெருவில் சரக்கு இருந்ததா என்பதல்லவா கேள்வி? இருந்தது. வலுவான அரசாங்கம் இல்லாத நாட்டிலும் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. ஜனங்களின் கையில் வாங்கும் சக்தி வந்துவிட்டது என்ற செய்தி பரவியவுடன், வியாபாரிகள் துறைமுகங்களிலிருந்து போர்முனைகளைத் தாண்டி அரிசியையும் மாவையும் எண்ணெயையும் கொண்டுவந்தார்கள். பல ஸ்தாபனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 15 லட்சம் பேருக்குப் பணமாகவும் கூப்பனாகவும் உதவின. பயந்தபடி விலை ஏறவில்லை. 2011ஆம் வருஷத்து நடுப்பகுதியின் உச்சத்திலிருந்து அது இறங்கலாயிற்று.

ஆனால் குறைகளை மறைத்து எழுதுவது நியாயமாகாது. தலைநகர் மொகதீஷுவில் அகதிகள் குடிசை போட்டிருந்த இடங்களை ஆட்டிப் படைத்த இடைத்தரகர்களை ஜனங்கள் ‘கறுப்புப் பூனைகள்’ என்று சொன்னார்கள். பட்டியலில் பெயர் ஏறுவதற்கும் பணம் வாங்கியதற்கும் இவர்களுக்குப் பங்கு அழ வேண்டியிருந்தது. மூட்டையாகக் கொடுத்த காலத்திலும் இந்தப் பூனைகள் பங்கு வாங்கியவர்கள்தாம் என்பது ஆறுதலாகாது. அதைவிடப் பெரிய குறை காலந்தாழ்த்தியது. அந்தப் பஞ்சத்தில் சுமார் 2,58,000 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் பின்னர் நடந்த ஆய்வு கணக்கிட்டது. மரணங்கள் உச்சத்தைத் தொட்டது மே முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில். பணம் பெரிய அளவில் போய்ச் சேரத் தொடங்கியது அதன் பிறகு. பெறுகிறவனை நம்பலாமா என்று கொடுக்கிறவர்கள் ஆலோசித்த ஒவ்வொரு வாரத்துக்கும் அங்கே விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். 2017இல் மறுபடியும் கொடிய வறட்சி வந்தபோது பணம் முன்கூட்டியே, பெருமளவில் கொடுக்கப்பட்டது. அந்த வருஷம் பஞ்சம் பிரகடனம் செய்ய நேரவில்லை.

‘ஏழையின் கையில் காசு கொடுத்தால் குடித்துவிடுவான்’ என்ற வாசகத்தை நம்மில் கேட்காதவர் இல்லை, சொல்லாதவரும் சிலரே. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா போப்போவா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பல நாடுகளில் ரொக்க உதவி பெற்றவர்களைப் பற்றிய 19 ஆய்வுகளை 2014இல் ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடியதாக அவற்றில் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்தே இருந்தது. குடிக்கிறவன் மூட்டையை விற்றும் குடிப்பான். அவன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொண்டு, அரைப்படி அரிசியை நான்கு வேளைக்கு நிரவத் தெரிந்த ஆயிரம் தாய்மார்களின் புத்தியைச் சந்தேகிப்பது என்ன தர்மமோ, எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சந்தேகத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் பிறந்ததுதான் வவுச்சர், அதாவது நம் பேச்சில் கூப்பன். அதில் இரு வகை உண்டு. ஒன்றில் ‘அரிசி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு’ என்று பொருளே எழுதியிருக்கும். மற்றொன்றில் தொகை மட்டும் எழுதியிருக்கும், குறிப்பிட்ட கடைகளில் குறிப்பிட்ட வகைப் பொருள்களை அந்தத் தொகைக்கு வாங்கிக்கொள்ளலாம். காகிதச் சீட்டாகத் தொடங்கிய இது இப்போது அட்டையாகவும், கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் மாறிவிட்டது. கென்யாவின் ககூமா முகாமில் 2015இல் இப்படி வந்த கைப்பேசிக் கூப்பனுக்கு ‘பம்பா சகூலா’ என்று பெயர். உன் உணவைப் பெற்றுக்கொள் என்று பொருள்.

ஜோர்டான் நாட்டில், 2012இல் பாலைவனத்தில் எழுந்த ஸாத்தரி முகாமில், 2016இல் அட்டைகூட வேண்டியதில்லை என்றாயிற்று. கூடை நிறையச் சாமான் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுமிடத்துக்கு வரும் சிரியாப் பெண், அங்கிருக்கும் சிறிய கறுப்புப் பெட்டியினுள் கண்ணை ஊன்றிப் பார்க்கிறாள். கருவிழியின் அமைப்பை அகதிகள் பதிவேட்டோடு அது ஒப்பிட்டுச் சில விநாடிகளில் அடையாளம் காண்கிறது, அவள் கணக்கிலிருந்து தொகை கழிகிறது, ரசீது வருகிறது. ஏமாற்றுக்கு இடமில்லாத யுக்திதான். ஆயினும் ரொட்டி வாங்கக் கண்ணைக் காட்ட வேண்டியிருக்கும் நிலையை நான் மெச்ச மாட்டேன். அந்தக் கணக்கிலிருந்து பருப்பு வாங்க முடிந்தது, பாலாடை வாங்க முடிந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்க முடியவில்லை. செருப்புத்தான் அவசரம் என்றால், வாங்கிய பருப்பை வெளியே குறைந்த விலைக்கு விற்கத்தான் வேண்டியிருந்தது. வங்காளதேசத்தில் ரோஹிங்கியா அகதிகளுக்கு ரொக்கம் கொடுக்க அந்நாட்டு அரசு இசையாததால், கூப்பன் ஒன்றே அங்கே வழியாயிருந்தது. ஒன்றுமில்லாததற்கு அது மேல்தான். ஆனால் நிதி வற்றியபோது 2023இல் மாதம் 12 டாலராயிருந்த அதன் மதிப்பு மார்ச்சில் 10ஆகவும், ஜூனில் 8ஆகவும் வெட்டப்பட்டது.

நம்பிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு லெபனான் மலைகளில் கிடைத்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 2013 நவம்பர் முதல் 2014 ஏப்ரல் வரையிலான குளிர்காலத்தில், கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேலான இடங்களில் குடியிருந்த சிரியா அகதிக் குடும்பங்களுக்குக் குளிர்காய எரிபொருளும் கம்பளியும் வாங்கிக்கொள்ள மொத்தத்தில் 575 டாலர் கொடுக்கப்பட்டது. 500 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு சாராருக்கும் நிலைமையில் வித்தியாசமில்லாததால், சர்வதேச மீட்புக் குழு என்ற ஸ்தாபனம் இருவரையும் ஒப்பிட்டு ஆராய முடிந்தது. பணம் பெற்றவர்கள் அதில் பெரும் பகுதியை உணவுக்கும் தண்ணீருக்கும் செலவிட்டிருந்தார்கள். திட்டம் போட்டவர்கள் குளிரை நினைத்தார்கள். மலைமேல் இருந்தவர்களுக்குக் குளிரைவிடப் பசி கொடிதாயிருந்தது. இது திட்டத்தின் தோல்வி என்று சொல்பவரும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அதன் மிகப் பெரிய வெற்றி இதுவே. கம்பளிகளாகவே கொடுத்திருந்தால் அந்தக் குடும்பங்கள் கம்பளிக்குள் பட்டினி கிடந்திருக்கும், தலைநகரில் இருந்தவர்களுக்கு அது தெரிந்தும் இருக்காது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது குறைந்திருந்தது. விலைவாசி ஏறவில்லை. கொடுத்த ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் 2.13 டாலராகப் பெருகியதாகவும் அந்த ஆய்வு கணக்கிட்டது. அகதிகளைச் சுமையென்று கருதிய ஊர்க் கடைக்காரர்களுக்கு அதில் பங்குண்டு. துருக்கியில் 2016இன் கடைசியில் தொடங்கிய திட்டம் இன்னும் பெரியது: ஆளுக்கு மாதம் 100 லிரா, பிறகு 120, செம்பிறைச் சங்கத்தின் அட்டை மூலம் 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அது எட்டியது.

இவ்வளவு சொன்ன பிறகு, பணம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. நைஜரில் ஒரு சாரார்க்குப் பணமும் ஒரு சாரார்க்குத் தானியமும் கொடுத்துப் பார்த்தபோது, பணம் பெற்றவர்கள் மலிவான தானியத்தை மொத்தமாக வாங்கிச் சேமித்து, விவசாயத்துக்கும் செலவிட்டார்கள். அன்றாடச் சாப்பாட்டின் தரம் தானியம் பெற்றவர்களிடமே மேலாக இருந்தது. சந்தை தொலைவில் இருந்து, அறுப்புக்கு முந்திய மாதங்களில் விலை ஏறிக்கொண்டே போகும் நாட்டில் மூட்டைக்கு மதிப்பு அதிகம். காஸாவில் போர் நடந்தபோது, கணக்கில் பணம் வந்தும் அதை நோட்டாக மாற்ற ஜனங்கள் பெருங்கழிவு கொடுக்க வேண்டியிருந்தது; மாற்றிய நோட்டுக்கோ கடையில் மாவில்லை. எல்லையை அடைத்துவிட்ட இடத்தில் ரொக்கம் வெறுங்காகிதம்.

பணத்தின் மிகப் பெரிய எதிரி விலைவாசி. இலங்கையில் 1979 செப்டம்பரில், நெடுங்காலமாக இருந்த பங்கீட்டு அரிசியை நிறுத்தி, அதற்குப் பதிலாக உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் ரூபாய் அச்சிடப்பட்டிருந்தது. அரிசி விலை ஏறிய வேகத்தில் அந்த ரூபாய் ஏறவில்லை. இரண்டு மூன்று வருஷங்களில் அதன் வாங்கும் சக்தி பாதியாகத் தேய்ந்துவிட்டது. பங்கீட்டு அரிசி பெற்ற தாய்க்கு விலை ஏற்றம் ஒரு பொருட்டாயிருக்கவில்லை. முத்திரை பெற்ற தாய்க்கு ஒவ்வொரு மாதமும் பை கனம் குறைந்தது. லெபனானிலும் 2019க்குப் பிறகு நாணயம் சரிந்தபோது, டாலராக வந்த உதவியை உள்நாட்டுப் பவுண்டாக மாற்றிக் கொடுத்த வங்கி விகிதத்தில் அகதிகளுக்குரிய பெருந்தொகை கரைந்தது. 1883இன் பஞ்ச விதியில் இருந்த ஒற்றை வாசகம், விலையோடு கூலியும் ஏற வேண்டும் என்ற வாசகம், இந்த இடங்களில் விட்டுப்போயிற்று.

2016 மே மாதம் இஸ்தான்புல் நகரில் கூடிய உலக மனிதாபிமான மாநாட்டில், ரொக்க உதவியைப் பெருக்குவதென்று பெரிய நாடுகளும் ஸ்தாபனங்களும் ஒப்புக்கொண்டன. அதற்கு முன் உலக நிவாரணச் செலவில் நூற்றுக்கு ஆறு பங்களவே பணமாகவும் கூப்பனாகவும் போயிற்று; பிறகு சில வருஷங்களில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காயிற்று. வளர்ச்சிதான். நம் தமிழ்நாட்டிலும் 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, ரேஷன் கடைகளில் டோக்கன் கொடுத்து, குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள். வரிசையில் நின்றதும் வெயிலில் காத்ததும் மெய்தான்; வாங்கியவர் அதில் மெத்தை வாங்கினாரா, பாடப்புத்தகம் வாங்கினாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

கடைசியாக, நம் கண் முன்னே நாற்பது வருஷங்களாக நடந்துவரும் ஒரு ரொக்க உதவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1983 முதல் இலங்கையிலிருந்து வந்து நம் மாநிலத்து முகாம்களில் வாழும் தமிழர்களுக்கு அரசு மாதந்தோறும் பணக்கொடை வழங்குகிறது, அரிசியும் கொடுக்கிறது. உலகம் இப்போது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசும் முறையைத் தமிழ்நாடு அப்போதே கைக்கொண்டது நமக்குப் பெருமை. ஆனால் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய் என்று 2011இல் நிர்ணயித்த தொகை, 2021இல் 1,500 ஆக உயரும் வரையில் பத்து வருஷம் அசையவில்லை. அந்தப் பத்து வருஷமும் பருப்பும் எண்ணெயும் சமையல் எரிவாயுவும் அசையாமல் இருந்தனவா? முகாமில் ஒரே அறையில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குக் கிடைத்த அந்த ஆயிரம் ரூபாய், கடைசி வருஷத்தில் முதல் வருஷத்து ஆயிரமாக இருந்திருக்க முடியாது. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. விலை ஏறினால் அதுவும் ஏறுகிறது. அதே ஏற்பாட்டை முகாம்வாசிகளின் பணக்கொடைக்கும் செய்து, தொகையை வருஷத்துக்கொரு முறை விலைவாசிக் குறியீட்டெண்ணோடு சேர்த்து உயர்த்தும்படி ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டுமென்று தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.